கீழ்ப் பல்செட்டுக்கு ஒரு பிடிமானம்

(பெரம்பலூரில் முதியோர் கூட்டம் ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் பல்செட் கட்டியிருக்கிறீர்கள் என்று கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், மனதுக்குள் பதில் சொன்னால் போதும். உங்கள் கீழ்ப் பல்செட் இப்போது எங்கே இருக்கிறது? வாயிலா, வீட்டு அலமாரியிலா?

என்னிடம் வருகிற வயதானவர்களில் பலர் மேல் செட்டை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கீழ் செட் எங்கே என்றால் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். “கல்யாணம் காட்சின்னா போட்டுக்குவேன் தம்பி, சாப்பிடுறப்ப கழட்டி வச்சிருவேன்” என்பார்கள். சாப்பிடுவதற்காகக் கட்டிய பல்லைச் சாப்பிடும்போது கழற்றி வைக்கிறார்கள். ஏன் என்றால், “வயசாயிருச்சு, எனக்குத்தான் பழகல” என்று பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். சிலர் செட் கட்டிய டாக்டரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் இவர்கள் யார் மேலும் குற்றமில்லை. கீழ்ப் பல்செட் ஆடுவதற்குத் தாடையின் அமைப்பே காரணம். அதை ஆடாமல் நிறுத்த வழி இருக்கிறது. அந்த வழி பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

முதலில் அது ஏன் ஆடுகிறது என்று பார்ப்போம். மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடம் இருக்கிறது. ஈரமான அண்ணத்தோடு செட் ஒட்டி உட்காரும்போது இடையில் எச்சில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. செட்டின் விளிம்பு காற்று புகாமல் சுற்றிலும் மூடிக்கொள்கிறது. அதனால் மேல் செட் தொங்கினாலும் விழுவதில்லை. கீழே அந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது. லாட வடிவில் ஒரு ஒடுங்கிய வரப்பு மட்டும்தான் செட்டுக்குக் கிடைக்கிற இடம். மேல் செட் உட்காரும் பரப்பு சுமார் 23 சதுர சென்டிமீட்டர் என்றால் கீழே சுமார் 12தான். அந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்திருப்பதை உள்ளிருந்து நாக்கு தள்ளுகிறது, வெளியிலிருந்து கன்னமும் உதடும் தள்ளுகின்றன. பேசும்போது எழும்புகிறது. மெல்லும்போது ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்குகிறது. அடியில் ஒரு சோற்றுப் பருக்கையோ தக்காளி விதையோ புகுந்துவிட்டால் உயிர் போகிற வலி.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி எலும்பில் இருக்கிறது. பல்லைத் தாங்குகிற தாடை எலும்பு பல் இருக்கும் வரைதான் நிற்கும். பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த எலும்புக்கு வேலை இல்லை, அது கரையத் தொடங்கிவிடுகிறது. முதல் ஆண்டில் வேகமாகக் கரையும். பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுவதும் கரைந்துகொண்டே இருக்கும். தால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். கீழ்த் தாடையின் முன்பக்கம், மேல் தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு உயரம் இழக்கிறது என்பது அவர் கண்டது. பத்து வருடத்துக்கு முன்னால் கச்சிதமாக இருந்த கீழ் செட் இன்று ஏன் வாய்க்குள் நீந்துகிறது என்பதற்கு இதுதான் பதில். செட் அப்படியேதான் இருக்கிறது, அடியில் இருந்த தாடைதான் இறங்கிவிட்டது. முகவாய் மேலே ஏறி மூக்கை நெருங்குவதும், கன்னம் ஒட்டிப்போவதும், வாயோரம் எச்சில் ஊறிப் புண்ணாவதும் இதன் தொடர்ச்சி. எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்கு, முகவாய்ப் பக்கம் வெளிவரும் நரம்பு ஈறுக்கு நேர் அடியிலேயே வந்துவிடும். செட் அதன்மேல் அழுந்தும்போது ஷாக் அடித்த மாதிரி ஒரு வலி. இப்படிப்பட்டவருக்கு எத்தனை முறை புதுசாகக் கட்டிக் கொடுத்தாலும், எவ்வளவு நல்ல கை கட்டினாலும், பிடிமானம் கொஞ்சம்தான் கிடைக்கும்.

மெல்லும் பலத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பல் உள்ளவர் கடிக்கிற பலத்தில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் முழுப் பல்செட்காரரால் கடிக்க முடிகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பல்லில்லாதவர் எதை நொறுக்குவார்?

இந்த ஊரை வைத்தே சொல்கிறேன். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிறது, லாரி லாரியாக வெளியூர் போகிறது. அதை விளைவித்த பெரியவரால் ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்க முடியவில்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு. வாழ்நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்த கைக்குச் சொந்தக்காரி, பேரன் தரும் வறுத்த முந்திரியை வேண்டாம் என்கிறாள். கடலை, பயறு, கீரைத் தண்டு, கறி, பழம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து போய்விடுகின்றன. குழைந்த சோறும் ரசமும், இட்லியும், டீயில் நனைத்த பிஸ்கட்டும் மிஞ்சுகின்றன. அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தால் இதைவிடக் கெட்ட சாப்பாடு இல்லை. கீரையும் பயறும் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். எதை வைத்து மெல்வது என்று அந்தச் சீட்டில் இல்லை. சாப்பாடு மட்டுமா? சபையில் பேசும்போது செட் நழுவுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். விருந்துக்கே போகாமல் நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய் நல அறிக்கை, உலகம் முழுவதும் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 23 பேருக்கு ஒரு பல்கூட இல்லை என்று மதிப்பிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 13 லட்சத்துக்கு மேல் ஜனம். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அப்போதே 60-ஐத் தாண்டியவர். அந்தக் கணக்கில் பார்த்தாலும் நம் இரண்டு மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் முதியவர்கள். இது நாலைந்து பேருடைய தொல்லை இல்லை.

இனி வழிக்கு வருகிறேன்.

ஸ்வீடன் நாட்டில் பிரோனமார்க் என்று ஒரு எலும்பு ஆராய்ச்சியாளர் இருந்தார். 1950-களின் தொடக்கத்தில், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியம் உலோகக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு சேர்ந்து இறுகிவிட்டிருந்தது. உடம்பு வேற்றுப் பொருளாக நினைத்துத் தள்ளாமல் டைட்டானியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த் தாடையில் டைட்டானியத் திருகாணிகள் வைத்து அதன்மேல் பல் பொருத்தினார். பிறவியிலேயே தாடை கோணலாக இருந்த மனிதர் அவர், கீழே பல்லே இல்லை. அந்தத் திருகாணிகளோடு அவர் 2006-ல் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டார். பிரோனமார்க் சொன்னதை மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1982-ல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் இம்ப்ளாண்ட் எனப்படும் இந்தத் திருகாணி உலகமெங்கும் பரவியது.

இம்ப்ளாண்ட் என்றதும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூ, லட்சக்கணக்கில் செலவு, அது நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நான் சொல்லப் போவது அதுவல்ல. உங்கள் முழுப் பல்செட் பல்செட்டாகவே இருக்கும். தினமும் கழற்றலாம், மாட்டலாம். அது நழுவாமல் பிடித்துக்கொள்ள அடியில் இரண்டு அல்லது நான்கு ஸ்க்ரூ மட்டும். 2002-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த் தாடையில் பல்லே இல்லாதவருக்கு வெறும் செட் மட்டும் கொடுப்பது இனி முதல் சிகிச்சை ஆகாது, இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதன்மேல் செட் கொடுப்பதே முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2009-ல் பிரிட்டனிலும் அதையே சொன்னார்கள். கனடாவில் அப்படிச் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒன்று இருக்கிறது என்ற சேதியே இன்னும் போய்ச் சேரவில்லை.

சாதாரண இம்ப்ளாண்ட் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். அதை வைக்க எலும்பு அகலமாக இருக்க வேண்டும். வருஷக்கணக்காகப் பல்லில்லாமல் இருந்தவரின் தாடை கத்தி முனை மாதிரி ஒடுங்கிப்போயிருக்கும். எலும்பு வைத்துக் கட்டும் பெரிய ஆபரேஷன் செய்யாமல் அதில் தடித்த ஸ்க்ரூ போட முடியாது. எழுபத்தைந்து வயதில் அதற்கு யார் துணிவார்? இங்கேதான் மினி இம்ப்ளாண்ட் வருகிறது. தடிமன் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, 1.8 மில்லிமீட்டரில்கூட உண்டு. பெரிய இம்ப்ளாண்ட் ஆறும் வரை தற்காலிகப் பல்லைத் தாங்க இந்த மாதிரி மெல்லிய ஸ்க்ரூக்களை உபயோகித்தார்கள். நியூயார்க்கில் விக்டர் செண்டாக்ஸ் என்ற பல் மருத்துவர் இவற்றையே நிரந்தரமாக வைக்கலாம் என்ற முறையை வளர்த்தார். 1990-களின் கடைசியில் அமெரிக்க அரசு நீண்டகால உபயோகத்துக்கு அனுமதி கொடுத்தது.

எப்படிச் செய்கிறோம் என்று சொன்னால் பாதி பயம் போய்விடும். முதலில் தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே, முடிந்தால் ஸ்கேன். நரம்பு எங்கே வெளிவருகிறது, எலும்பு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று அளந்துகொள்கிறோம். இரண்டு பக்க நரம்புக்கும் நடுவே உள்ள முன்தாடைதான் நமக்கு வேண்டிய இடம். அங்கே எலும்பு கெட்டி. மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலானவர்களுக்கு ஈறைக் கீறாமலேயே ஒரு மெல்லிய துளை போடுகிறோம். அதில் ஸ்க்ரூவை வைத்துக் கையாலேயே மெதுவாகத் திருகுகிறோம். இறங்க இறங்க எலும்பு இறுக்கிப் பிடிப்பது விரலுக்கே தெரியும். கீழ்த் தாடைக்கு வழக்கமாக நான்கு. வேலை முடிந்ததும் ஈறுக்கு மேலே நான்கு சின்னஞ்சிறு உருண்டைத் தலைகள் மட்டும் தெரியும். பிறகு செட்டின் அடியில் அந்த நான்கு இடத்திலும் குடைந்து, உள்ளே ரப்பர் வளையம் பொருத்திய சிறு உலோக மூடிகளைப் பதிக்கிறோம். ஜாக்கெட்டில் பிரஸ் பட்டன் எப்படிப் பொருந்துகிறதோ அப்படி உருண்டை வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பழைய செட் நன்றாக இருந்தால் அதையே இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

வேப்பந்தட்டைப் பக்கத்து ஆயா ஒருவர். செட்டை மாட்டி “கடிங்க ஆயா” என்றேன். டக் என்று ஒரு சத்தம். அவர் வழக்கப்படி நாக்கால் முட்டிப் பார்த்தார், வரவில்லை. கட்டைவிரலை வைத்துத் தூக்கினார், அப்போதும் வரவில்லை. முகம் மாறிவிட்டது. “இனிமே கழட்டவே முடியாதா தம்பி?” என்றார். இரண்டு கட்டைவிரலையும் இரண்டு பக்கமும் விளிம்புக்கு அடியில் கொடுத்து ஒரே சமயத்தில் தூக்க வேண்டும் என்று காட்டினேன். நாலைந்து முறை கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். அடுத்த முறை வந்தபோது, கூழுக்கு வெங்காயம் கடித்ததாகவும், காரம் சுள்ளென்று மண்டைக்கு ஏறியதாகவும் சொன்னார். எனக்கு அது பெரிய சான்றிதழ்.

பலனைச் சொன்னேன், எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

ஒரே நாளில் பல், மாலையே முறுக்கு கடிக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ நன்றாக இறுகியிருந்தால் அன்றைக்கே செட்டை மாட்டுவது உண்மைதான். இறுகவில்லை என்றால், செட்டின் அடியில் மெத்தென்ற பூச்சு கொடுத்துச் சில மாதம் காத்திருந்துதான் மாட்ட வேண்டும். எதுவானாலும் முதலில் சில வாரம் மெதுவான சாப்பாடு. இதைச் சொல்லாமல் அவசரப்படுத்துகிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மேல் தாடைக்கும் இதையே போடலாமே என்று கேட்பீர்கள். மேல் எலும்பு மிருதுவானது, அங்கே குறைந்தது ஆறு வேண்டும், அப்படிப் போட்டாலும் தோல்வி அதிகம். கீழே பத்தில் ஒன்பதுக்கு மேல் பல ஆண்டுகள் நிற்கின்றன. மேல் செட் பொதுவாகத் தானாகவே நிற்கும் என்று முன்பே சொன்னேன், அதை அப்படியே விட்டுவிடலாம். இன்னொன்றும் உண்டு. எலும்பு அகலமாக இருந்து, உடம்பும் கையிருப்பும் இடம் கொடுத்தால், சாதாரண இம்ப்ளாண்ட் இரண்டு வைப்பதுதான் என் சிபாரிசு. அதற்கு நீண்டகாலச் சான்று அதிகம். மெல்லிய ஸ்க்ரூ ஒடுங்கிய எலும்புக்கும், பெரிய ஆபரேஷன் தாங்காத உடம்புக்கும், செலவைக் குறைக்க வேண்டியவருக்கும் உரியது. மெல்லியது என்பதால் சில சமயம் உடைவதும் உண்டு.

சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வாருங்கள். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு வரவும் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள், கழுத்து முகப் பகுதியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து இருக்கிறது. முன்தாடையின் உட்பக்கத்தில் நாக்குக்கு அடியில் ரத்தக் குழாய்கள் போகின்றன. துளை அந்தப் பக்கம் பீறிவிட்டால் நாக்கின் அடி வீங்கி மூச்சே அடைக்கலாம். சின்ன ஸ்க்ரூதானே என்று பயிற்சி இல்லாத கையில் வாயைக் கொடுக்காதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புகையிலையை விடாமல் ஸ்க்ரூ போட்டால் ஈறும் எலும்பும் சரியாக ஆறாது. அதைவிட முக்கியம், செட் உரசிய புண் என்று நீங்கள் நினைப்பது இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோயும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

பராமரிப்பு சுலபம். ராத்திரி செட்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் கூடாது, செட் வளைந்துவிடும். வாயில் உள்ள நான்கு உருண்டையையும் மிருதுவான பிரஷ்ஷால் துலக்குங்கள். ரப்பர் வளையம் நாளடைவில் தேய்ந்து பிடி தளரும். அதை மாற்றுவது சில நிமிட வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும்.

கடைசியாகப் பணம். முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவரிடம் போய் இம்ப்ளாண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அவர் கையிலிருந்து செய்கிற செலவாக இருக்கவே கூடாது என்பது என் எண்ணம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல் 1-ம் தேதி நெல்லூரில் தொடங்கப்பட்டது. ஏழை முதியவர்களுக்கு இலவசமாகத் தரும் கைத்தடி, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி வரிசையில் பல்செட்டும் இருக்கிறது. பல்லை ஒரு தேவை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது, அது பெரிய விஷயம். ஆனால் பட்டியலில் இருப்பது செட் மட்டும். அதைப் பிடித்து நிறுத்துகிற ஸ்க்ரூ அதில் இல்லை. சாப்பிடும்போது கழற்றி வைக்கிற செட்டைக் கொடுப்பதில் அரசுப் பணமும் வீண், அந்தப் பெரியவரின் நம்பிக்கையும் வீண்.

இதைச் செய்ய ஆள் இல்லையா? இருக்கிறார்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் நடக்கிறது. சிதம்பரத்தில் 1980-ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இன்று அரசின் கையில் இருக்கிறது. ஜெயங்கொண்டம், மீன்சுருட்டிக்காரர்களுக்குக் காட்டுமன்னார்கோவில் வழியாக அது பக்கம்தான். புதுக்கோட்டையிலும் 2023-ல் ஒன்று திறந்தார்கள். அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கல்லூரிகளில் உள்ள செயற்கைப் பல் நிபுணர்கள் மாதம் ஒரு நாள் அரியலூருக்கும் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கும் வந்து ஸ்க்ரூ வைத்துவிட்டுப் போகட்டும். வளையம் மாற்றுவதையும் சுத்தம் பார்ப்பதையும் உள்ளூர் பல் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வோம். எழுபது வயதுக்காரரை மூன்று பஸ் மாற வைக்க வேண்டாம்.

ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனியாக மனு எழுதிப் போடுவதைவிட, ஊராகக் கேட்டால் வலு அதிகம். இப்போது நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிநீருக்கும் சாலைக்கும் தீர்மானம் போடுகிறோம். அடுத்து வருகிற கிராம சபையில், எங்கள் ஊர் முதியோருக்குப் பல் பரிசோதனை முகாம் வேண்டும், இலவசப் பல்செட்டோடு கீழ்த் தாடைக்கு ஸ்க்ரூவும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுதித் தர உதவி வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கேயே, மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.